சக்தியை ஒடுக்கும் இடம்: துருசுக் கிணறும் கற்றையுறிஞ்சியும்

சக்தியைத் திரட்டியோரை வரலாறு நன்கு நினைவிற் கொண்டுள்ளது. திரட்டிய சக்தியைத் தீங்கின்றி ஒடுக்க வழி கண்டோரை அது அவ்வாறு நினைவிற் கொள்ளவில்லை. வன்னியிற் குளங்கட்டிய மன்னர் யாவர் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை; அக்குளங்களின் துருசுகளை வகுத்த கைவினைஞர் பற்றி எவரும் வாதிடுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பௌதிகவியல் வரலாற்றிலும் இதே நிலையைக் காணலாம். துணிக்கை ஆர்முடுக்கிகளின் வரலாறு, எவ்வளவு உயர்ந்த சக்தி எப்போது எட்டப்பட்டது என்ற கணக்காகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. அச்சக்தியோடு ஓடும் கற்றை, வேலை முடிந்ததும் எங்கே சென்று விழுகின்றது என்ற வினா அடிக்குறிப்பில் இடம்பெறுவதும் அரிது. கலைப்பீட மாணவர் ஒருவர் இவ்வினாவை எழுப்புவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் வினா வரலாற்றுக்குரியதே.

கற்றை விழும் அவ்விடத்தை ஆங்கிலேயர் குப்பை கொட்டுமிடத்தைச் சுட்டும் சொல்லாலேயே வழங்குகின்றனர். தமிழில் நிலைபெற்ற சொல் இன்மையால் ஈண்டு அது கற்றையுறிஞ்சி எனப்படும்.

வன்னிப் பெருநிலப்பரப்பினர்க்கு இதனை விளங்கிக்கொள்ளக் குளக்கட்டு ஒன்றே போதுமானது. இரணைமடுக் குளத்தின் கட்டுவேலை 1902இல் தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. பின்னர் பன்முறை கட்டு உயர்த்தப்பட்டு, இன்று அது நிரம்பும்போது நீர்மட்டம் 36 அடியை எட்டுகின்றது. அவ்வாழத்தின் அடியிலே திறந்துவிடப்படும் நீர், உராய்வைக் கணக்கிற் கொள்ளாவிடில், செக்கனுக்கு 14 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 53 கிலோமீற்றர் வேகத்திற் பாயும். மண்ணாலான கட்டின் வயிற்றினூடாக அவ்வேகம் தடையின்றிச் செல்லுமாயின், முதலிற் கற்கள் பெயரும். பின் மண் கரையும். ஈற்றிற் கட்டே உடையும். எனவே நீரைத் தேக்குவதினும், தேக்கிய நீரை அதன் வேகத்தைக் கொன்று வெளிவிடுவதே கடினமான பணியாகும்.

பண்டைய குளங்களில் இப்பணி எவ்வாறு ஆற்றப்பட்டது என்பதை விரிவாக ஆராய்ந்தவர், இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பாக்கர் ஆவார். 1909இல் வெளியான ‘பண்டைய இலங்கை’ என்ற அவரது நூல், இன்றைய முல்லைத்தீவு மாவட்டத்து வவுனிக்குளத்தையும் வவுனியா மாவட்டத்துப் பாவற்குளத்தையும் சிறப்பாகக் கவனிக்கின்றது. வவுனிக்குளத்தை மகாவம்சம் கூறும் பேளிவாபியாக அவர் அடையாளங்கண்டார்; எல்லாளனின் ஆட்சியோடு அதனை இணைப்போரும் உளர். அவ்வாதத்தினும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, பழைய துருசுகளில் அவர் கண்ட சதுர வடிவக் கிணறாகும். குளத்து நீர் நேரே வெளிவாய்க்காலுக்குச் செல்வதில்லை. முதலிற் கட்டின் உட்புறத்தேயுள்ள இக்கிணற்றுட் புகுந்து, அதன் அகன்ற வெளியிற் சுழன்று, கற்சுவர்களில் மோதி வேகமிழந்து, பின்னரே கட்டின் கீழுள்ள வாய்க்கால் வழியே வெளியேறும். நீரைத் திறப்பதும் அடைப்பதும் இக்கிணற்றிலேயே நடைபெற்றன. தற்காலப் பொறியியலாளர் கட்டும் வால்வுக் கோபுரங்களின் மூலவடிவம் இதுவே என்பது பாக்கரின் துணிபு. சிங்களத்தில் இதற்கு ‘பிசோகொட்டுவ’ என்று பெயர். அரசியின் அரண் எனப் பொருள் கூறுவர். ஐரோப்பியர் குப்பைமேட்டின் பெயரை இட்ட ஒன்றுக்கு, நம் தீவினர் அரசியின் பெயரை இட்டனர்.

இனிக் கற்றைகளுக்கு வருவோம். கற்றையுறிஞ்சியின் வரலாறு பேராய்வுகூடங்களில் தொடங்கவில்லை; மருத்துவமனையில் உள்ள எக்ஸ் கதிர்க் குழாயிலேயே தொடங்குகின்றது. 1895இல் ரொன்ற்ஜன் கண்ட கதிர், இலத்திரன்கள் ஒரு தடையில் மோதி நிற்பதாற் பிறந்தது. மோதும் சக்தியில் நூற்றில் ஒரு பங்களவே கதிராகின்றது, எஞ்சியது வெப்பமாகும். ஆகவே இலத்திரன்களைத் தாங்கும் உலோகமே உண்மையில் முதற் கற்றையுறிஞ்சி. 1913இல் கூலிட்ஜ் தங்குதன் உலோகத்தைக் கொண்டு குழாய் அமைத்தார். 1929இல் ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் அவ்வுலோகத்தட்டைச் சுழலவிட்டது. தட்டுச் சுழல்வதாற் கற்றை ஓரிடத்தையே சுடாது வட்டம் முழுவதிலும் பரவுகின்றது. வேகத்தைத் தடுத்தல் ஒரு வழி. சுமையைப் பரப்புதல் மற்றொரு வழி. இவ்விரண்டினும் வேறான மூன்றாம் வழியை இன்றுவரை நான் எங்கும் வாசித்ததில்லை.

1930களில் கலிபோர்னியாவின் பேர்க்கிலியில் லோறன்சு சைக்கிளோத்திரனை வளர்த்தபோது, நியூத்திரன்களிலிருந்து ஆய்வாளரைக் காக்க நீர்த்தொட்டிகளை இயந்திரத்தைச் சுற்றி அடுக்கினர். 1966இல் இயங்கத் தொடங்கிய ஸ்ரான்போட்டின் 3.2 கிலோமீற்றர் நேர்கோட்டு ஆர்முடுக்கியிலும், மெகாவற்று அளவில் வந்த இலத்திரன் கற்றையை வாங்கியது சுழன்றோடும் நீரே. ஆனால் அந்நீர் நம் துருசுக் கிணற்று நீர் போன்றதன்று. கற்றை பட்ட நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும். அவ்வாயுக்கள் வெடிக்காதவாறு மீண்டும் சேர்க்கப்படல் வேண்டும். கதிரியக்கமும் நீரிற் சேரும்.

லேசருக்கும் இத்தகைய அடக்கி வேண்டும். 1960இல் மெய்மன் முதல் லேசரை இயக்கிய காலத்தையொட்டி, ஒரு லேசர் எத்தனை சவர அலகுகளைத் துளைக்கின்றது என்று எண்ணி அதன் வலுவை வேடிக்கையாக மதிப்பிட்டனர். அதே சவர அலகுகளை நெருக்கமாக அடுக்கி, கூர்முனைகளுக்கிடையே ஒளியைப் புகவிட்டால், அது இடுக்கிற் பலமுறை பட்டுத் தெறித்து ஒடுங்கிவிடும். ஆய்வுகூடங்களில் இன்றும் இம்முறை உண்டு.

கற்றை உரிய இடத்தில் விழாவிடின் நிகழ்வதற்குச் சான்றுகள் உள. 1978 யூலை மாதம் சோவியத் நாட்டின் புரோத்வினோவில், பழுதைப் பார்க்க இயந்திரத்தினுள் குனிந்த அனற்றோலி புகோர்ஸ்கி என்ற ஆய்வாளரின் தலையினூடாகப் புரோத்தன் கற்றை சென்றது. அவர் உயிர் பிழைத்தமை மருத்துவத்திற்கே வியப்பாயிற்று. 2004 ஒக்டோபரில், ஜெனீவாவை அடுத்த சேர்ண் ஆய்வுநிலையத்திற் தவறான திசையிற் சென்ற கற்றையொன்று, வெற்றிடக் குழாயை ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளத்திற்குக் கிழித்தது. அக்கற்றையின் சக்தி பின்னர் அங்கு அமையவிருந்த பெருவளையத்தின் கற்றைச் சக்தியில் நூற்றில் ஒரு பங்கும் அன்று.

அப்பெருவளையம் 27 கிலோமீற்றர் சுற்றளவுடையது. 2008 செப்ரெம்பரிற் கற்றை முதன்முதல் அதனைச் சுற்றிவந்தது. வடிவமைப்பின்படி ஒரு கற்றையின் சக்தி 362 மெகாயூல். 36 அடி உயரத்திலிருந்து விழும் நீரைக்கொண்டு இதனைக் கணித்தால், ஏறக்குறைய 3,360 கன மீற்றர் நீரின் சக்தி ஆகும். வெள்ள காலத்தில் பெருங்குளமொன்றின் வான் சிறுபொழுதிற் கழிக்கக்கூடிய அளவுதான். ஆனால் வளையத்துக் கற்றை இதனை ஒரு சுற்றில், அதாவது செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில், கழித்தாக வேண்டும். கற்றையின் ஓட்டத்தில் 3 மைக்குரோ செக்கன் அளவான வெற்றிடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. அவ்விடைவெளியில் 15 காந்தங்கள் ஒருங்கே எழுந்து கற்றையை வளையத்தினின்றும் வெளியே தள்ளும். வேறு 10 காந்தங்கள் அதனைச் சுழற்றி, ஒரு மீற்றருக்கு மேற்பட்ட வளைகோடாக உறிஞ்சியின் முகத்தில் வரையும். சுழலும் எக்ஸ் கதிர்த் தட்டின் நியாயமே இதுவும். இங்கே தட்டு நிற்கக் கற்றை சுழல்கின்றது. தாங்குவது ஏறக்குறைய 8 மீற்றர் நீளமும் 70 சென்ரிமீற்றர் விட்டமுமுள்ள காரீய உருளை. பாரமான உலோகம் கற்றையைக் குறுகிய தூரத்தில் நிறுத்தி உருகிவிடும். காரீயமோ அதனை உள்ளே நெடுந்தூரம் செல்லவிட்டு வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும். சுற்றிலும் 900 தொன் அளவிலான கவசம். கவசத்தின் ஒரு பகுதி, 1984இல் மூடப்பட்ட முந்தைய ஆர்முடுக்கியின் காந்தச் சட்டங்களில் கொங்கிறீற்று நிரப்பி ஆக்கப்பட்டதாம். பழைய குளத்துக் கல்லைப் புதிய வானுக்கு எடுத்த நம் ஊர் வேலையை இது நினைவூட்டுகின்றது.

இவ்வமைப்பும் பிழையற்றதன்று. கற்றை விழும் ஒவ்வொரு முறையும் உருளை அதிர்ந்து இடம்பெயர்வதும், அதனைச் சூழ்ந்த நைதரசன் வாயு கசிவதும் கண்டறியப்பட்டு, 2018இற்குப் பின் வந்த நீண்ட நிறுத்த காலத்தில் அது சீரமைக்கப்பட்டது.

அடங்கியது எனக் கருதப்படும் கற்றையிலிருந்து புதிய அறிவும் கிடைத்தது. அமெரிக்காவின் பேர்மி ஆய்வுகூடத்தில் 1997இற் புரோத்தன்களைத் தங்குதன் கட்டியில் விழச் செய்தபோது, அதனைக் கடந்து வந்த துணிக்கைகளுள் தௌ நியூத்திரினோ இருந்தமை 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. குப்பைமேட்டைக் கிளறிக் கண்ட பொருள் எனலாம்.

துருசுக் கிணற்றுக்கும் கற்றையுறிஞ்சிக்குமிடையே உள்ள ஒப்புமையை மிகைப்படுத்தல் ஆகாது. கிணற்றிற் சினந்தணிந்த நீர் வயலுக்குச் செல்கின்றது. உறிஞ்சியில் ஒடுங்கிய சக்தி எவருக்கும் பயன்படுவதில்லை; உருளையே கதிரியக்கமுற்று, கழற்றப்பட்ட பின்னும் காவலில் வைக்கப்பட வேண்டியதாகின்றது. மற்றொரு வேறுபாடு இதனினும் ஆழமானது. பெருவளையத்தில் ஆயிரக்கணக்கான உணர்கருவிகள் கண்காணிக்க, கற்றையைக் கழிக்கும் முடிவை இயந்திரமே எடுக்கின்றது. கழிக்குமிடத்தில் எவரும் இரார். 2018 டிசெம்பரிற் பெருமழையின்போது இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளும் வயல்களும் நீரில் மூழ்கியதும், கதவுகள் திறக்கப்பட்ட வேளை பற்றிப் பின்னர் சர்ச்சை எழுந்ததும் அண்மைய வரலாறு. அங்கு முடிவெடுக்க வேண்டியோர் மனிதரே. வானுக்குக் கீழே இருந்தது காரீயமும் கொங்கிறீற்றும் அன்று. 1930கள் முதல் குளத்தை நம்பிக் குடியேற்றப்பட்டோரின் வழிவந்தவர்களும் போருக்குப் பின் மீண்டு வந்தவர்களுமே அங்கு வாழ்ந்தனர்.