துறைமுகம் அருகில், சந்தை தொலைவில்



பினாங்குத் துறைமுகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கப்பல்தான். 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவர் பலர் வந்து இறங்கிய கரை அது. தோட்டத்து ரப்பர் அயல்நாடுகளுக்கு ஏறிச் சென்ற கரையும் அதுவே. அந்தக் கரைக்கு அருகிலேயே கத்தரியும் கீரையும் பயிரிட்ட சிறு விவசாயிக்கு அதனால் கிடைத்தது என்ன? இன்று நாம் இதைப் பற்றிச் சிந்திப்போம்.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால் வணிகர்கள் நாலா திசையிலிருந்தும் வந்து குவிந்தார்கள். 1800-இல் எதிர்க்கரையான செபராங் பிறையும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அங்கே முதலில் கரும்புத் தோட்டங்களும், பின்னர் ரப்பர் தோட்டங்களும் எழுந்தன. அவற்றில் உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள்.

பெருந்தோட்டத்து முதலாளி தன் சரக்கை விற்க அலையவில்லை. ஜார்ஜ்டவுனில் இருந்த ஏஜென்சி நிறுவனங்கள் அவருக்குக் கடன் கொடுத்தன, கப்பலில் இடம் பிடித்தன, காப்புறுதி செய்தன, விலை பேசி விற்றும் கொடுத்தன. லண்டன் சந்தையின் விலை தந்தி மூலம் வந்து சேர்ந்தது. சரக்கு, விலைச் செய்தி, பணம் ஆகிய மூன்றும் அவருக்காக ஒரே பாதையில் ஓடின.

சிறு விவசாயிக்கு அப்படி ஒரு பாதை இல்லை. பாலிக் பூலாவ் சரிவுகளில் டுரியானும் சாதிக்காயும் விளைந்தன. ஜார்ஜ்டவுனிலோ 1890-இல் சவ்ரஸ்தா பசார் எழுந்தது. நாற்சந்தி என்று பொருள்படும் பெயர் அது. ஊருக்குள் சந்தை இருந்தும், அங்கே என்ன விலை என்பது மலைச் சரிவில் இருந்தவனுக்குத் தெரியாது. பழம் காத்திருக்காது, காலையில் பறித்த கீரை மாலையில் வாடிவிடும். ஆகவே வாசலுக்கு வந்த வியாபாரி சொன்னதே விலை. அவரிடமே முன்பணம் வாங்கியிருந்தால், விளைச்சலை வேறொருவருக்குக் கொடுக்கவும் வழியில்லை.

இடைத்தரகரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வண்டி கொண்டுவந்தவர் அவர். அழுகல் நட்டத்தை ஏற்றவரும் அவரே. அவர் செய்த வேலையை வேறு யாரும் செய்யவில்லை என்பதே உண்மையான குறை.

அந்தக் குறையைத் தீர்க்க 1965-இல் மலேசிய அரசு ஒரு சட்டத்தின் வழி கூட்டரசு வேளாண்மைச் சந்தை வாரியத்தை அமைத்தது. 'ஃபாமா' என்று நாம் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். சந்தை நிலவரத்தைத் திரட்டுவதும், விளைபொருளுக்கு விற்பனை வழி தேடுவதும் இதன் பணிகள். 1973-இல் விவசாயிகள் அமைப்புகளுக்கென்று தனியாக ஒரு வாரியம் வந்தது. 1985-இல் 'பசார் தானி' என்னும் உழவர் சந்தைகளை ஃபாமா தொடங்கியது. விளைவித்தவரே தம் கையால் விற்கும் இடம் இது. அதே 1985-இல் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. அதுவரை படகை நம்பியிருந்த லாரிகளுக்குக் கடலைக் கடக்க ஒரு சாலை கிடைத்தது.

கடல் கடந்து தமிழ்நாட்டிலும் இதே சிந்தனை பிறந்தது. 1999 நவம்பர் 14-ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. கடை வாடகை இல்லை, தராசு இலவசம், விவசாயி என்பதற்கு அடையாள அட்டை. அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படும். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், சில்லறை விலையைவிட 15 விழுக்காடு குறைவாகவும் விலை வைப்பது அங்கே வகுத்த முறை. நம் வெள்ளிக் கணக்கில் பார்ப்போமே. ஒரு கிலோ கத்தரிக்காயைத் தரகர் ஒரு வெள்ளிக்கு வாங்குகிறார். கடையில் அது 1 வெள்ளி 40 காசு. உழவர் சந்தையில் 1 வெள்ளி 20 காசுக்கு விற்றால் விளைவித்தவருக்கும் 20 காசு மிச்சம். வாங்குகிறவருக்கும் 20 காசு மிச்சம்.

ஆனால் இரண்டு கட்டுக் கீரைக்காக ஒருவர் ஒரு நாள் கூலியை இழந்து சந்தையில் உட்கார முடியுமா? முடியாது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வண்டிக்குச் சரக்காகும். ஒருவர் போய் விற்று வரலாம். சேர்ந்து நிற்பது நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் தோட்டங்களையே வாங்கியது அந்தச் சங்கம். தோட்டத்தை வாங்கிய கைகளால், கத்தரிக்காயைச் சேர்த்து விற்க முடியாதா?

துறைமுகம் பெரிய சரக்குக்குத் தானாகவே வழிவிட்டது. சிறிய சரக்குக்கு வழி திறக்கச் சட்டமும் சாலையும் சங்கமும் தேவைப்பட்டன. லயத்துக்குப் பின்னால் பாத்தி போட்டிருக்கும் நம் குடும்பங்கள் அடுத்த முறை காயைப் பறிக்குமுன், பக்கத்து ஊர்ச் சந்தையில் இன்று என்ன விலை என்று கேட்டு அறியட்டும். பக்கத்து வீட்டாரின் காய்களையும் ஒன்றாகச் சேர்க்கட்டும். விலை தெரிந்தவரிடம் யாரும் குறைத்துப் பேச அஞ்சுவார்கள்.