தாருல் அர்கம் விற்கப்பட்ட வரலாறு

ஸஃபா குன்றின் அருகே இருந்த அர்கம் (ரலி) அவர்களின் இல்லத்தை, அண்ணலார் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு மறைவாக மார்க்கம் கற்பித்த இடமாகவே நம் பிள்ளைகள் அறிவர். மதரஸாப் பாடங்களும் அத்துடன் நின்றுவிடுகின்றன.

அவ்வீட்டை விற்கவும் கூடாது, வாரிசுகள் பங்கிடவும் கூடாது என அர்கம் (ரலி) அவர்கள் சாட்சிகள் வைத்துத் தர்மமாக எழுதிவைத்தார்கள். இப்னு ஸஅத் இதனைத் தமது தபகாத்தில் பதிவுசெய்துள்ளார். சந்ததியினர் அதில் குடியிருந்தும் வாடகை பெற்றும் வந்தனர்.

அப்பாஸியக் கலீஃபா மன்ஸூர் அவ்வீட்டின்மீது ஆசை கொண்டார். ஹிஜ்ரி 145இல் மதீனாவில் கிளர்ச்சி எழுந்தது. அதில் களமிறங்காத அர்கமின் பேரர் அப்துல்லாஹ்வையும் விலங்கிட்டுச் சிறையிலடைக்கச் செய்தார். அப்பெரியவருக்கு வயதோ எண்பதுக்கு மேல்! வீட்டை விற்றால் விடுதலை என்று தூதர் வந்தார். அது தர்மச் சொத்து என்று முதியவர் சொல்லிப் பார்த்தார். உம் பங்கை மட்டும் தந்தால் போதும் என்று தூதர் நெருக்கவே, 17,000 தீனாருக்கு விற்றார். சிறையிலிருந்தவரைக் குறைகூற மனம் வரவில்லை. வெளியே இருந்த சகோதரர்களும் பணத்தின் பெருக்கத்தைக் கண்டு தத்தம் பங்குகளை விற்றதே நெஞ்சை உறுத்துகிறது.

பின்னர் கலீஃபா மஹ்தி அதனைத் தம் மனைவி கைஸுரானுக்கு வழங்கினார். அவ்வம்மையார் அதனை எடுத்துக் கட்டினார். மக்காவாசிகளும் 'கைஸுரான் வீடு' என்றே அழைக்கலாயினர்.