அப்பாயியின் பாஸ்போட் படம்

பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலை, அங்கிருந்து அட்டன், பிறகு பொகவந்தலாவ என்று மூன்று பஸ் மாறிப் போனேன், ஒரு வெள்ளைக்காரியின் கல்லறையைப் பார்க்க. ஜூலியா மார்கரெட் கேமரன், புனித மரியாள் தேவாலயத்து மயானத்தில் கணவர் பக்கத்தில் கிடக்கிறார். இங்கே இலங்கையில் கோப்பிக் காணி வைத்திருந்த கணவரோடு 1875இல் வந்தவர். வரும்போதே சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். முன்யோசனைக்காரர்கள்! 1879 ஜனவரியில் அந்த அம்மா கண்ணை மூடினார்.

இங்கிலாந்தில் டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படம் பிடித்த கை அது. அங்கே மாதா வேடத்தில் நின்ற வீட்டு வேலைக்காரிக்குக்கூடப் பெயர் உண்டு: மேரி ஹில்லியர். களுத்துறையில் எடுத்த படத்துக்கோ ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பதோடு சரி. முகம் இருக்கிறது, ஆள் யாரென்று இல்லை.

அந்தக் காலத்தில் படமெடுப்பது லேசான வேலையுமில்லை. கண்ணாடித் தட்டில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவில் வைத்து, கையோடு இருட்டில் கழுவ வேண்டும். கேமரன் எடுத்தால் நிமிடக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். தோட்டத்து ஆளிடம் “அசையாதே” என்று தமிழில் சொன்னது யார்? கங்காணியாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

கொழும்பில் ஸ்கீன், கண்டியில் ஸ்கோவன் என்று கடை போட்டவர்கள் படமெடுப்பதையே வியாபாரமாக்கினார்கள். ‘தமிழ்ப் பெண்’ என்ற தலைப்போடு நகையும் மூக்குத்தியும் விலைபோயின. நான் பார்த்த தோட்டப் படங்களில் துரை பங்களா வாசலும் பூச்செடியுமாக நிற்கும். தொழிலாளர் குடியிருந்த லயம் தூரத்தில் ஒரு கூரைக்கோடு. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள், புகை அப்பிய அந்த அடுப்படி வரைக்கும், வந்த கமரா ஒன்றையும் நான் காணவில்லை.

எங்கள் காம்பராவுக்குள் முதல் படம் வந்தது 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால். இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பப் பேசி முடித்தார்கள். பாஸ்போட் என்றால் படம் வேண்டுமே. இரவல் சேலை கட்டிக்கொண்டு, ஸ்டுடியோ பெஞ்சில் தாத்தாவுக்குப் பக்கத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது அப்பாயி. கப்பலேறுமுன்பே அது செத்துப்போனது. படம் மட்டும் தகரப் பெட்டியில் தங்கிவிட்டது. பின்பக்கத்தில் ஸ்டுடியோக்காரர் பென்சிலால் பெயர் எழுதியிருக்கிறார். ழகரம் லகரமாகியிருக்கிறது.