எம்ஜிபி: கதவுக்குக் கீழே குனிஞ்சு பாருங்க

பழைய ஸ்போர்ட்ஸ் கார்னா எல்லாரும் முதல்ல பானெட்டைத்தான் திறப்பாங்க. 1962-ல் இங்கிலாந்தில் வந்த எம்ஜிபிக்கு, கதவுக்குக் கீழே குனியணும். இதுக்குத் தனி சேஸி கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. கூரை இல்லாத ரோட்ஸ்டர் நடுவுல மடங்காம தாங்குறது, கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’ என்ற இரும்புப் பெட்டி. அதுக்குள்ள துரு அரிச்சாலும் மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும். ஜாக் வெச்சுத் தூக்கும்போது கதவு இறுகிக்கிட்டா, சோலி முடிஞ்சுது. அந்த வண்டிய ரோட்டுக்குக் கொண்டுவர்றது, சத்தியமா, ஆபத்து.

அபிங்டன் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. அப்புறம் 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ், தகடு அடிச்ச பழைய அச்சுகளைத் தேடிப் பிடிச்சு, முழு பாடியையே புதுசா விக்க ஆரம்பிச்சது. பழைய இன்ஜின், கியர்பாக்ஸை அதுல மாட்டிக்கலாம். ‘அப்போ இது பழைய காரா?’ன்னு கேட்பாங்க. கேட்கட்டுமே! 1992-ல் ரோவர் நிறுவனம் அந்தப் பாடியைக் கொஞ்சம் மாத்தி, ஆர்வி8-ன்னு புதுக் காரையே காட்டிடுச்சு.