கூரை யாருடையது?

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பின் வரலாற்றை 2003இல் தொடங்குவது வழக்கம். எல்லாக் கட்டடங்களிலும் அதற்கான அமைப்பைக் கட்டாயமாக்கி ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்த ஆண்டு அது. ஆனால், அதற்கு வெகுகாலம் முன்பே ஓட்டு வீடுகளின் இறவாணத்தடியில் அண்டாவும் தவலையும் வரிசையாக நின்றன. முதல் மழையை வடிய விட வேண்டும்; கூரை கழுவப்பட்ட பிறகு வரும் நீரைப் பிடிக்க வேண்டும்; வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும்; அந்த நீரில் பருப்பு சீக்கிரம் வேகும். இவையெல்லாம் பெண்கள் அறிந்தவை. வீட்டுவேலை என்று பெயர் பெற்றதால் இந்த அறிவு தொழில்நுட்பம் ஆகவில்லை.

சட்டத்தோடு நீரின் பாதையும் மாறியது. கூரையிலிருந்து அண்டாவுக்குப் போன நீர், இப்போது பெரும்பாலும் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகிறது. நிலத்தடி நீர்மட்டம் உயர இது தேவைதான். ஆனால் நிலத்துக்குள் போன நீர் யாருக்குச் சொந்தம்? 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்தின் அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமை நில உடைமையாளருடையது. நம் நாட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மழை எல்லோர் மீதும் பெய்கிறது. ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்கே அது திரும்பக் கிடைக்கிறது. வாடகை வீட்டுப் பெண் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கிறாள். அந்த லாரியிலும் யாரோ ஒருவரின் நிலத்தடி நீர் இருக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழுவது சுமார் 1.3 லட்சம் லிட்டர். வீணாவது போக 1 லட்சம் லிட்டர் என்று வைத்தாலும், 15 லிட்டர் குடத்தில் 6,500 குடங்களுக்கு மேல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நகரம் இது.

மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுவதால், 200 லிட்டர் டிரம் சித்திரை வரை தாங்காது. பெரிய தொட்டி வேண்டும். அதே 2003இல் பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் பத்து லட்சம் தொட்டிகள் கட்டும் திட்டம் தொடங்கியது. வீட்டருகே 16,000 லிட்டர் கொள்ளும் சிமெண்ட் தொட்டி. கூரைநீர் நேராக அதில் சேரும். பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. பெண்கள் கொத்து வேலை கற்றுத் தொட்டிகளைக் கட்டவும் செய்தார்கள். அங்கே நீர் நிலத்தின் உரிமையாளரைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. சமைப்பவளின் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது.

தொட்டி மட்டும் போதாது. அதைக் கழுவுவதும், கொசு புகாமல் மூடுவதும் மறுபடியும் பெண்ணின் தலையில் விழுந்தால், குடத்தின் சுமைதான் இடம் மாறியிருக்கும். உறிஞ்சுகுழி இருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேட்டது சட்டம். பிடித்த நீர் யாருடைய பாத்திரத்துக்குப் போகிறது, அதற்காக யார் உழைக்கிறார்கள் என்பதை இனி நாம் கேட்க வேண்டும்.