குஜராத்: வியாபாரிகள் மட்டுமல்ல

குஜராத் என்றாலே நம்மவர்களுக்கு வியாபாரிதான் ஞாபகத்துக்கு வருவார். சூரத், காம்பே துறைமுகங்களிலிருந்து துணியைக் கப்பலேற்றிய ஊராச்சே! ஆனால் நான் வேலை பார்க்கும் அகமதாபாத்தை வளர்த்ததில் ஆலைத் தொழிலாளிக்கும் பெரிய பங்கு உண்டு.

1861-ல் ரண்சோட்லால் சோட்டாலாலின் ஆலை ஓடத் தொடங்கியது. நூற்பில் பெரும்பாலும் தலித்துகள், நெசவில் முஸ்லிம்கள். 1918-ல் காந்தி தலைமையில் 35 சதவீத சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய்; தொழிலாளர் பக்கம் அவருடைய சொந்த அக்கா அனசூயா! கடைசியில் மத்தியஸ்தரும் 35 சதவீதம் என்றே தீர்ப்புச் சொன்னார். 1920-ல் மஜூர் மகாஜன் சங்கம் பிறந்தது.

1980, 90-களில் ஆலைகள் வரிசையாக மூடின. சம்பளத்தோடு, இரு தரப்பும் தினமும் சேர்ந்து புழங்கிய இடமும் போயிற்று. இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்குத் துறைமுகக் கதையோடு இதையும் சொல்லுங்கள்.