ஆவடித் தீர்மானமும் அதற்கான பணமும்

1955 சனவரியில் ஆவடி சத்தியமூர்த்தி நகரில், யூ. என். தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, ‘சோசலிச பாணிச் சமுதாயம்’ என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது. காமராசர் முதலமைச்சராகி ஓராண்டுகூட நிறையவில்லை. யூகோஸ்லாவியாவின் டிட்டோ விருந்தினராக வந்திருந்தார். மேடைகளில் இன்றும் அத்தீர்மானம் கொள்கை முழக்கமாகவே எடுத்தாளப்படுகிறது. அதற்கான பணம் யார் பையிலிருந்து வந்தது என்று கேட்பவர் அரிது.

அத்தீர்மானத்தைச் செயலாக்க அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அரசுத் துறைச் செலவு 4,800 கோடி ரூபாய். வரியும் நடப்பு வருவாயும் 800 கோடி, பொதுமக்களிடம் கடனும் சிறுசேமிப்பும் 1,200 கோடி, ரயில்வே, சேமநல நிதி வகையில் 400 கோடி, வெளிநாட்டு உதவி 800 கோடி. பற்றாக்குறை நிதியாக்கம், அதாவது கிட்டத்தட்ட நோட்டு அச்சடிப்பது, 1,200 கோடி. அப்படியும் 400 கோடி துண்டு விழுந்தது. அதை மறைக்காமல் திட்ட ஆவணத்திலேயே காட்டியிருந்தார்கள். இன்றைய கணக்குகளில் அந்த வெள்ளை மனம் குறைவு.

துண்டை அடைக்கும் வேலை நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் தலையில் விழுந்தது. சென்னையில் வணிகம் செய்து வளர்ந்த அவரே 1957 மே மாத பட்ஜெட்டில் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். யோசனை கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டருடையது. புது வரிகளைப் போட்டு, வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 விழுக்காட்டுக்கு இறக்குங்கள் என்றார் கால்டர். டி.டி.கே. முதல் பாதியை முழுதாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் பாதியில், உழைத்து ஈட்டிய வருமானத்துக்கு 77, மற்றதற்கு 84 என்பதோடு நின்றுவிட்டார். வருமான வரி விலக்கு வரம்போ 4,200 ரூபாயிலிருந்து 3,000க்கு இறங்கியது. செல்வரை நோக்கி வீசிய வலையில் குமாஸ்தாவும் சிக்கினார்.

செலவு வரி 1962இல் போய், 1964இல் திரும்பி, 1966இல் மறுபடி போயிற்று. செல்வ வரி 2015 பட்ஜெட் வரை தாக்குப்பிடித்தது. 2013–14இல் நாடு முழுவதும் அதன் வசூல் 1,008 கோடிதான். சுமையின் பெரும்பங்கைச் சுமந்தவை கலால் முதலிய மறைமுக வரிகளே. சர்க்கரையும் துணியும் தீப்பெட்டியும் வாங்கிய ஏழையும் அத்தீர்மானத்துக்குச் சந்தா கட்டியவர்தான்.

செலவுப் பக்கத்தில் ஆவடிக்குத் தனி இடம் உண்டு. ஊரார் ‘டேங்க் பேக்டரி’ என்னும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் எழுந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் எம்.கே.–1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்தது. அடுத்த மாதமே படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன. டாங்கி ஆலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்திடமும், ராணுவ உடை தைக்கும் ஆவடி ஓ.சி.எஃப். கான்பூர் நிறுவனம் ஒன்றிடமும் போயின. பாதுகாப்பு பட்ஜெட்டில் டாங்கி வாங்குவது மூலதனச் செலவு. அதை ஓட்டும் சிப்பாயின் சட்டை வருவாய்ச் செலவு. இரண்டும் ஒரே ஊரில் உருவாகின்றன.